கொல்லைச் சருகு: கொளுத்தவா, மக்க வைக்கவா?

சட்டம்: குப்பையைத் திறந்த வெளியில் எரிக்க பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை விதித்தது, அபராதம் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000. அஜாக்கிரதையால் தீ பரவி ஆபத்தானால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 287-வது பிரிவும் சேரும். மக்க வைக்க இந்தத் தொல்லை இல்லை.

செலவு: எரிக்கத் தீப்பெட்டி போதும். மக்க வைக்கச் சாணமும் உடலுழைப்பும்.

ஆபத்து: ஆனி, ஆடிக் காற்றில் ஒரு பொறி போதும், பக்கத்து வீட்டு வைக்கோல் போர் பற்றிக்கொள்ளும். மக்கும் குவியலில் பாம்பு அண்டலாம். கிளறும்போது மண்வெட்டிதான், கையை விடாதீர்கள்.

டெல்டா களிமண்ணில் குழி வெட்டுவதுதான் பலர் செய்யும் தப்பு. ஐப்பசி மழையில் நீர் தேங்கி, காற்றில்லாமல் அழுகி நாறும். மேட்டில் குவியுங்கள்: அரை அடி சருகு, மேலே சாணக் கரைசல், கொஞ்சம் மண், மறுபடி சருகு. 15 நாளுக்கொருமுறை கிளறினால் மூன்று, நான்கு மாதத்தில் எரு. தென்னை மட்டை மட்டும் லேசில் மக்காது. அதை அடுப்புக்கு ஒதுக்குங்கள்.

கூரை வீடோ வைக்கோல் போரோ அருகில் இருந்தால் மக்க வைப்பதே வழி. இடமே இல்லாதவர்கள் தூய்மைப் பணியாளரிடம் பிரித்துக் கொடுக்கலாம். பிளாஸ்டிக், டயர் போகிக்கும் கூடாது.