கிழட்டுக் கொடி ஒயின்: ரூசானா, ஷாப்லியா?

பிரெஞ்சு ஒயின் லேபிளில் 'வியேய் வீன்யு' என்று இருந்தால், முதிய கொடியில் காய்த்த திராட்சை என்று பொருள். எத்தனை வயதில் கொடி முதியதாகிறது என்பதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் வரையறை கிடையாது. 30 வயதுக் கொடிக்கே ஒருவர் போட்டுக்கொள்வார். இன்னொருவர் 80 ஆகட்டும் என்று காத்திருப்பார். அந்த இரண்டு சொல்லுக்காகக் கூடுதல் காசு கேட்டால், எந்த ஊர்க் கொடி என்று முதலில் பார்க்க வேண்டும்.

வயதுக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. வயதாக ஆகக் கொடி குறைவாகக் காய்க்கும், சாறு அடர்த்தியாகும். வேர் ஆழத்தில் இருப்பதால் வறண்ட ஆண்டிலும் சட்டென்று வாடாது.

தெற்கு ரோன் பள்ளத்தாக்கில், ஷாதோநெஃப்-து-பாப் ஒயின் பகுதியில், போகாஸ்தெல் பண்ணை தயாரிக்கும் 'ரூசான் வியேய் வீன்யு'வில் இது நன்றாகத் தெரியும். சிவப்பு ஒயினுக்குப் பேர்போன பகுதி அது, வெள்ளை கொஞ்சம்தான். பெரும்பாலான வெள்ளைகளில் பல வகைத் திராட்சை கலந்திருக்க, இதில் ரூசான் என்ற வெள்ளைத் திராட்சை மட்டும். பழுத்தால் தோல் செம்பழுப்பாகும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். புளிப்பு குறைவு, வாயில் கனமாக இருக்கும். ஒரு பகுதி ஓக் பீப்பாயில் நொதிக்கிறது.

முதல்முறை நான் செய்த தப்பு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியது. மணமே இல்லை. ஏமாந்துவிட்டோமோ என்று கிளாஸை அப்படியே வைத்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்து மூக்கருகே கொண்டுபோனால் தேன், பேரிக்காய், லேசாக வறுத்த பாதாம். இதைக் குடிக்க 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சிதான் சரி. இன்னொரு குணமும் உண்டு: இளமையில் நன்றாக இருக்கும், நடுவில் சில ஆண்டு உறங்கிவிடும், பத்து ஆண்டு தாண்டி மறுபடி விழிக்கும். தூங்கும்போது திறந்தால் காசு வீண்.

ஷாப்லி என்ற ஊரின் வெள்ளை ஒயின் இதற்கு நேர் எதிர். வடக்கு பர்கண்டியின் குளிர், ஷார்டொனே திராட்சை, குட்டிச் சிப்பிகளின் புதைபடிவம் கிடக்கும் சுண்ணாம்பு மண். பெரும்பாலும் எஃகுத் தொட்டி, ஓக் வாசனை தெரியாது. எலுமிச்சைக் கூர்மை, ஈரக்கல் வாசம்; வியேய் வீன்யுவாக இருந்தால் அந்தக் கூர்மைக்கு நடுவே கொஞ்சம் சதை. ஆனால் கிழட்டுக் கொடி இங்கே அரிது. ஃபைலாக்ஸெரா பூச்சியும் ஏப்ரல் உறைபனியும் தோட்டங்களை அழித்து, 1950களில் பரப்பு சுமார் 500 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. இன்று 5,000-க்கு மேல். அதாவது பெரும்பாலான கொடி அதற்குப் பிறகு நட்டது. ஷாப்லியில் 50 வயது என்றாலே தாத்தாதான்.

சிப்பி, வெறுமனே வேகவைத்த மீன் என்றால் ஷாப்லி. வெண்ணெயில் வதங்கிய இறால், காளான், கோழி என்றால் ரூசான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் ரூசான் பக்கம். அந்தக் கனத்தை வேறெதிலும் எளிதில் பார்க்க முடியாது. விலைதான் கையைக் கடிக்கும்.

அப்படிக் கடித்தால் நான்த் நகரை ஒட்டிய பகுதியின் வெள்ளை ஒயினான முஸ்கதே இருக்கிறது. 1709-இன் கொடுங்குளிருக்குப் பிறகு அங்கே பரவிய மெலோன் திராட்சை. நொதித்த பின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை அகற்றாமலே, குளிர்காலம் முழுக்க அதன்மேல் வைத்திருந்து பலர் பாட்டிலில் அடைப்பார்கள். கிழட்டுக் கொடி முஸ்கதேகூட மேலே சொன்ன ரூசான் விலையில் சிறு பங்குதான் ஆகும். சிப்பித் தட்டுக்கு முன்னால் ஷாப்லிக்குச் சளைத்ததில்லை.