மூன்று வருடம் ஓட்டிய சீஸ்மோகிராஃபும் அந்த ஒற்றைக் கட்டமும்

கனெக்டரில் உப்புக்காற்றுத் துரு ஏறி சர்வீஸுக்குப் போன என் 24 சேனல் சீஸ்மோகிராஃப் பெட்டி போன வாரம்தான் திரும்பி வந்தது. தரையில் சம்மட்டியால் அடித்து, மண்ணுக்குள் போய்த் திரும்பும் அலைகளைப் பதிவு செய்து, கீழே என்னென்ன அடுக்கு என்று பார்க்கும் கருவி அது. அன்றைக்கே நண்பன் போனில், "அந்தப் பெட்டி விலை இறங்கிடுச்சாமே, வாங்கட்டுமாடா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெட்டியில் எனக்குக் குறையே இல்லை. மே மாத வெயிலில் வேளச்சேரி சாலையோரம் நாள் முழுக்கக் கிடந்தும் ஒரு பதிவைக்கூட விட்டதில்லை. என் கோபமெல்லாம் அதோடு வரும் மென்பொருள் மேல்தான். மண்ணுக்குள் போகும்போது அலை இழந்த வீச்சை மறுபடி தூக்கிக் கொடுக்கும் பக்கத்தில் 'க்யூ' என்று ஒரே ஒரு கட்டம். மேலே களிமண், கீழே மணல், அதற்கும் கீழே பாறை என்று இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான் போடலாம்.

க்யூ குறைந்தால் மண் அலையை அதிகம் விழுங்குகிறது என்று பொருள். அதிலும் உயர் அதிர்வெண்ணைத்தான் முதலில் விழுங்கும். க்யூ 20 உள்ள களிமண்ணில் 0.1 நொடி பயணம் செய்தால் 20 ஹெர்ட்ஸ் அலையின் வீச்சில் 73 சதவீதம் மிஞ்சும். 80 ஹெர்ட்ஸில் 28 சதவீதம்தான். மெல்லிய அடுக்குகளைப் பிரித்துக் காட்டுவது அந்த 80தான்.

பல்லாவரம் சார்னோக்கைட் பாறை மேல் இரும்புத் தகட்டில் அடித்தால் சம்மட்டி 'டங்' என்று துள்ளும். பள்ளிக்கரணைப் பக்கம் வெறும் 'பொத்'துதான். போன வருடம் அங்கே ஜீப் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகி, குறுக்கலைக்காக (போகும் திசைக்குக் குறுக்கே மண்ணை ஆட்டும் அலை) பக்கவாட்டில் அடித்தோம். லாரிகள் ஓயட்டும் என்று ராத்திரி இரண்டு மணி வரை காத்திருந்தோம். ஒவ்வொரு இடத்திலும் 16 தடவை அடித்தோம். அத்தனை பதிவையும் கூட்டினால் இரைச்சலுக்கு எதிராக நான்கு மடங்கு ஆதாயம். உதவிக்கு வந்த பையன் "அண்ணே, கை விட்டுப்போச்சு" என்றான். அவ்வளவு உழைப்பு.

மேலே 6 மீட்டர் களிமண் என்று 20 போட்டேன். கீழே இருந்த இறுகிய மணலுக்குச் சுமார் 60 பொருந்தும். அந்த 60-ஐ எங்கே போடுவது? 0.2 நொடியில் வந்து சேரும் 80 ஹெர்ட்ஸ் அலையைச் சுமார் 5 மடங்கு தூக்கினால் போதும், எல்லாவற்றுக்கும் 20 என்று எடுத்துக்கொண்ட மென்பொருள் 12 மடங்கு தூக்கியது. கூடவே இரைச்சலும் எழும்பி, 18 மீட்டரில் பளிச்சென்று ஒரு அடுக்காக நின்றது. நானும் அதை நம்பி அறிக்கையில் எழுதிவிட்டேன். துளை போட்டுப் பார்த்தார்கள்: அதே மணல்தான், அடுக்கு எதுவும் இல்லை. அந்தக் கட்டிடப் பொறியாளர் முன்னால் நான் நின்ற நிலை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் மூலப்பதிவை வெளியே எடுத்து, அடுக்குக்கு ஒரு க்யூ வைத்து நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். அடிப்படை, புவி இயற்பியலாளர் கியார்தான்சன் 1979-இல் தந்த 'மாறா க்யூ' என்ற கணக்கு முறை: ஒரு அடுக்குக்குள் அதிர்வெண் மாறினாலும் க்யூ மாறாது என்று கொள்வது. வீச்சு குறைவதோடு, அதிர்வெண்ணுக்கு ஏற்ப வேகம் மாறுவதையும் அது கணக்கில் எடுக்கும். க்யூ 20 என்றால் 10 ஹெர்ட்ஸுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் நடுவே வேகம் சுமார் 3 சதவீதம் மாறும். ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பொய் அடுக்கு மங்கிப் போனது, களிமண்ணின் அடிவிளிம்பு கூர்மையாக வந்தது. அவ்வளவு சுத்தமாகப் பதிவு செய்திருந்தது இந்தப் பெட்டி! அன்று நிஜமாகவே அதைத் தடவிக்கொடுத்தேன்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். இந்த விலைக்கு இரண்டாவது கட்டம்கூட வைக்காதவர்களுக்கு என் நண்பனின் பணம் போக வேண்டாம். அவனுக்கு அவசரமென்றால் என் பெட்டியை எடுத்துக்கொண்டு போகட்டும், நிரலையும் சேர்த்தே தருகிறேன்.