மேக் ஜே எவ்ளோ போடலாம்: நாலு கோர் லேப்டாப்ல ரொம்ப நாள் ஓட்டிப் பாத்த அனுபவம்

தண்டையார்பேட்டைல மொட்டை மாடிக்கு நேர் கீழ ரூம், ஏசி கெடையாது, நாலு கோர் எட்டு த்ரெட் லேப்டாப் (ஒவ்வொரு கோரும் ரெண்டு மாதிரி வேலை பாக்கும்), 16 ஜிபி ரேம். இதுல தான் லினக்ஸ் கெர்னல், எல்எல்விஎம் (கம்பைலர் செய்றதுக்கான பெரிய சி ப்ளஸ் ப்ளஸ் ப்ராஜெக்ட்) எல்லாம் சோர்ஸ்லேந்து கம்பைல் பண்றேன். அந்த வேலைய ஓட்டுற டூல் தான் மேக், ஒரே நேரத்துல எத்தனை ஜாப் (கம்பைல் வேலை) ஓடணும்னு அதுக்குச் சொல்ற ஆப்ஷன் தான் ஜே, எட்டுன்னா ஜே8.

த்ரெட் எத்தனையோ அத அப்டியே ஜே பக்கத்துல போடுனு தான் எல்லாரும் சொல்றாங்க. கெர்னலுக்கு அது ஓகே, பெரும்பாலும் சி கோடு, ஜே8ல ஜம்முனு ஓடும். சி ப்ளஸ் ப்ளஸ்னா கதையே வேற பாஸ். டெம்ப்ளேட் (கம்பைலரே டைப்புக்கு ஏத்த மாதிரி விரிச்சு எழுதிக்குற கோடு) நெறைய இருக்குற ஒரே ஃபைல் ஒரு ஜிபிக்கு மேல சாப்டும், அந்த மாதிரி எட்டு ஒண்ணா ஓடும்போது ப்ரௌசரும் தொறந்து கெடந்தா ஸ்வாப்புக்கு (ரேம் பத்தாம டிஸ்க்க பயன்படுத்துறது) போயி மவுஸ் கூட நகராது, கடைசில ஓஓஎம் கில்லர் (ரேம் தீந்தா லினக்ஸே ப்ரோக்ராம நிறுத்துறது) வந்து கம்பைலரையே போட்டுத் தள்ளிடும். ஸ்க்ரீன்ல வெறும் "கில்டு"னு தான் வரும், நம்மாளுங்க கோடுல தப்பு தேடிட்டு இருப்பாங்க.

ஜென்டூகாரங்க (எல்லாத்தையும் சோர்ஸ்லேந்து கம்பைல் பண்ற லினக்ஸ் வகை) கணக்கு எனக்குப் புடிச்சிருக்கு: ஒரு ஜாபுக்கு 2 ஜிபி ரேம், அதையும் த்ரெட் எண்ணிக்கையையும் பாத்து எது கம்மியோ அத வெச்சுக்கோ. எனக்கு எட்டு வருது, ப்ரௌசருக்கு ரெண்டு கழிச்சு ஜே6.

அப்புறம் சூடு. கத்திரி வெயில்ல கடல் காத்து லேட்டா வர்ற நாள்ல ஜே8 போட்டா சிபியு கொதிச்சுப் போய் தானே ஸ்பீட கொறச்சுக்குது, ஃபேன் சத்தம் பக்கத்து வூடு வரைக்கும் கேக்கும், ஆனா ஜே6விட பெருசா ஒண்ணும் சீக்கிரம் முடியல. மீதி நாலு த்ரெட் நெஜ கோர் இல்லையே. மே மாசம் ஜே4 தான்.

நம்பர் போடாம வெறும் ஜே மட்டும் போட்டுடாதீங்க, மேக் லிமிட்டே இல்லாம ஜாப் கெளப்பும். நின்ஜா (மேக் மாதிரியே இன்னொரு டூல்) அப்டியில்ல, ஒண்ணும் சொல்லலன்னா எட்டு த்ரெட்டுக்கு பத்து ஓட்டும், அதுவே என் ரேமுக்கு ஜாஸ்தி. சிபியு லோடு பாத்து புது ஜாப நிறுத்துற எல் ஆப்ஷன் பழைய மேக்ல (4.4க்கு முன்னாடி) சுமார் தான், லோடு ஆவரேஜ் மெதுவா தான் ஏறும், அதுக்குள்ள நெறைய ஜாப் கெளம்பிடும்.

எல்எல்விஎம்ல உண்மையான வில்லன் லிங்க் பண்றது (கம்பைல் ஆன துண்டெல்லாம் ஒண்ணா சேக்குறது) தான். டிபக் பில்டுன்னா (தப்பு தேட கூடுதல் தகவல் சேத்துக் கட்டுறது) ஒரு லிங்கே பல ஜிபி முழுங்கும். அதுக்குத் தனியா லிங்க் ஜாப் லிமிட் செட்டிங் இருக்கு, நான் ஒண்ணு தான் வெச்சிருக்கேன், லிங்கரையும் எல்எல்டிக்கு (எல்எல்விஎம்மோட சொந்த லிங்கர்) மாத்திட்டேன், அதுக்கப்புறம் ராத்திரி கம்பைல் போட்டுட்டு நிம்மதியா தூங்கப் போறேன்.