மேப்பிளின் பிடிஇடூல்ஸ் தொகுப்பு: ஆய்வு மாணவருக்கு எந்த அளவு உதவும்?

வகைக்கெழுச் சமன்பாடுகளின் சமச்சீர் முறைகளில் (ஒரு தீர்வை அதே சமன்பாட்டின் இன்னொரு தீர்வாக மாற்றும் உருமாற்றங்களான சமச்சீர்களைத் தேடும் முறைகளில்) முனைவர் பட்ட ஆய்வு செய்வோரை முதலில் சோர்வடையச் செய்வது, நார்வே கணிதவியலாளர் சோஃபஸ் லீ வகுத்த வழியில் தீர்மானிக்கும் சமன்பாடுகளை, அதாவது அச்சமச்சீர்கள் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளை, கையால் விரித்தெழுதும் வேலைதான். மேப்பிள் என்னும் கணித மென்பொருளில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான கட்டளைகளைக் கொண்ட இத்தொகுப்பு அவ்வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ஆழமற்ற நீரின் அலைகளை விவரிக்கும் கேடிவி சமன்பாட்டைக் கொடுத்து, சமச்சீர்களைக் கண்டுபிடிக்கும் ‘இன்ஃபினிடெசிமல்ஸ்’ கட்டளையை இட்டால், கால நகர்வு, இட நகர்வு, கலிலியோ மாற்றம் (சீரான வேகத்தில் நகரும் நோக்குநிலைக்கு மாறுவது), அளவு மாற்றம் ஆகிய நான்கு சமச்சீர்களும் திரையில் வந்து நிற்கின்றன.

ஆனால் சமன்பாட்டில் தன்னிச்சையான சார்பு ஒன்று இருந்து, அதன் வடிவத்தைப் பொறுத்துச் சமச்சீர்கள் கூடுமானால், கட்டளையை இட்டுவிட்டுக் கைகட்டி உட்கார முடியாது. எந்தெந்த நேர்வுகள் உண்மையில் வேறானவை, எவை சமான மாற்றத்தால் (மாறிகளை மாற்றி எழுதுவதால்) ஒன்றாகிவிடுபவை என்பதை ஆய்வாளரே பிரித்தறிய வேண்டும். வெப்பச் சமன்பாட்டையாவது ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்காதவர்கள் (அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்) இதற்குப் பணம் செலவிடுவதைத் தள்ளிவைக்கலாம்.