ரிட்டர்ன் குழாய் மாற்றி இரண்டு வருடம்: வான் வாங்கலாமா என்று கேட்ட மச்சானுக்கு

என்னுடையதைப் போன்ற டீசல் வான் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று களுவாஞ்சிக்குடி மச்சான் நேற்றுக் கேட்டார். இழுவையும் டீசல் செலவும் அவருக்குத் தெரிந்தவைதான். நான் சொல்ல வேண்டியது, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் தலையில் ஓடி, மிஞ்சும் டீசலை டாங்கிக்குத் திருப்பும் சின்ன ரிட்டர்ன் குழாயைப் பற்றி.

முன்பு ஒரு வருடத்துக்கு மேலாக விடியற்காலைகளில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு முழுவதும் நின்றுவிட்டால் மட்டும் ஸ்டார்ட்டர் அழுதுகொண்டே சுற்றும். பாடசாலைப் பிள்ளைகள் ஒழுங்கையில் காத்து நிற்பார்கள். கராஜில் பற்றரி மாற்றினார்கள், ஸ்டார்ட் பண்ண எஞ்சினைச் சூடாக்கும் நான்கு குளோ பிளக்கும் மாற்றினார்கள், கடைசியில் டீசல் பம்பையே கழற்றச் சொன்னார்கள். அந்தக் காசை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அக்கரைப்பற்றில் உழவு இயந்திரம் திருத்தும் பெரியவர் ஒருவர்தான் பம்புக்கு வரும் வழியில் கண்ணாடிபோன்ற ஹோஸ் துண்டொன்றைப் பொருத்தி, மறுநாள் காலை குமிழிகளைக் காட்டினார். “காற்று இழுக்கிறது தம்பி, குழாயைத் தொட்டுப் பாரும்” என்றார். துணி உறைக்குள் ரப்பர் வெடித்திருந்தது. எஞ்சின் ஓடும்போது அங்கே ஈரம் கசியும், அவ்வளவுதான். நிறுத்தியபின் டீசல் தாழ்வில் உள்ள டாங்கிக்கு இறங்க, வெடிப்பு வழியே காற்று உள்ளே போகிறது. காலையில் பம்ப் அழுத்துவது அந்தக் காற்றையும் சேர்த்துத்தான். காற்று சுருங்கிக் கொடுக்கும், இன்ஜெக்டர் திறக்காது.

3.2 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள, சூட்டையும் டீசலையும் தாங்கும் வைட்டன் ரப்பர் ஹோஸ் வாங்கி எல்லாத் துண்டுகளையும் மாற்றினேன். பம்பின் ரிட்டர்ன் போல்ட்டுக்குப் புதிய செப்பு வாஷர்களும் போட்டேன். மார்கழி மழையிலும் முதல் திறப்பிலேயே எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே நான் நேரத்தோடு எழும்பியதுண்டு! ஹோஸ் இன்றும் புதிதுபோல வளைகிறது.

ஆனால் கடைசி இன்ஜெக்டரின் மறுமுனையை அடைக்கும் ரப்பர் மூடி? சுண்டுவிரல் நுனியளவுதான். இங்கே கிடைப்பதெல்லாம் சாதாரண ரப்பர்; எஞ்சின் சூட்டில் சில மாதங்களில் கல்லாகிவிடுகிறது. மூன்று மூடி மாற்றிவிட்டேன். போன வியாழக்கிழமை மறுபடியும் பழைய அழுகை, பிள்ளைகள் மறுபடியும் ஒழுங்கையில். இப்போது அதே வைட்டன் ஹோஸில் ஓர் அங்குலம் வெட்டி, ஒரு முனையில் சின்ன போல்ட்டை இறுக்கமாகச் செருகி அடைத்திருக்கிறேன். ஐந்து நாளாகக் கசிவில்லை.

எஞ்சின்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனாலும் மச்சான், அந்த வான் உங்களுக்கு வேண்டாம். வாங்கியே தீருவதென்றால், இரவு முழுக்க நின்ற வானை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். நான்காவது இன்ஜெக்டரின் மூடியை விரலால் தொட்டு முகர்ந்த பிறகு காசை எண்ணுங்கள்.