‘பிங் குறைத்துத் தருகிறோம்’ என்பவர்களிடம் 11,800 ரூபாயை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இதை எழுதும்போது இரவு பன்னிரண்டு மணி ஆகிறது. நேற்று மாலைதான் எனக்கு உண்மை தெரிந்தது என்பதால், சொற்களில் சூடு கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் ஆட்டங்களில் வரும் லேக் எனும் தாமதத்தையும், ஆட்டத்தின் நடுவே தொடர்பு அறுந்துபோவதையும் ஒரே நாளில் சரிசெய்து தருவதாகச் சொன்ன மதுரைக் கடை ஒன்றில் 11,800 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கணினி உதிரிபாகமும் சிசிடிவி கேமராவும் விற்றுக்கொண்டிருந்து, பிறகு வண்ண விளக்கு எரியும் நாற்காலி ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தன்னைக் ‘கேமிங் ஸ்டோர்’ ஆக்கிக்கொண்ட வகைக் கடை என்றால் போதும். கோளாறை நாமே கண்டுபிடிக்கும் வழியைப் பதிவின் இறுதியில் படிப்படியாக எழுதுகிறேன்.

நான் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்பவன். வெள்ளி, சனி இரவுகளில் கல்லூரி நண்பர்கள் நால்வருடன் வேலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுவதுதான் எனக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கு. ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வர் மும்பையில் இருக்கிறது. அதுவரை தரவு போய்வரும் நேரம், அதாவது பிங், எனக்கு எப்போதும் 38 முதல் 42 மில்லிநொடி வரை இருக்கும். அதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. ஆயுத பூஜைக்கு அடுத்த வாரத்திலிருந்து நிலைமை மாறியது. ஒன்பதரை மணிக்கு ஆட்டம் தொடங்கினால், பத்து மணிக்குள் பிங் 300ஐத் தாண்டும். திரையில் எதிரிகள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள், பிறகு நான் செத்துக் கிடப்பேன். சில இரவுகளில் தொடர்பே முற்றிலும் அறுந்து, மீண்டும் உள்ளே போவதற்குள் மூன்று சுற்றுகள் முடிந்துவிடும். பாதியில் விட்டுப்போனவன் என்று ஆட்டம் என்னையே தண்டித்தது. அடுத்த ஆட்டத்தில் சேரக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ‘நீ சரிசெய்துவிட்டு வா, அதுவரை வேறு ஆளைச் சேர்த்துக்கொள்கிறோம்’ என்று நண்பன் ஒருவன் சொன்ன மறுநாள்தான் அந்தக் கடைக்குப் போனேன். அவமானத்தோடு கடைக்குப் போகக் கூடாது என்பதை அப்போது அறியவில்லை.

கடைக்காரர் மிகவும் பொறுமையாகக் கேட்டார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தேநீர் வரவழைத்தார். ‘சார், இது உங்க நெட் ஸ்பீடு பிரச்சினையே இல்லை, ரூட்டிங் பிரச்சினை’ என்றார். ரூட்டிங், அதாவது தரவு எந்த வழியில் போகிறது என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் இவர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பிவிட்டேன். கேமிங் ரவுட்டர் ஒன்று 6,500 ரூபாய், பிங்கைக் குறைக்கும் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா 3,500 ரூபாய், ஆக மொத்தம் பத்தாயிரம், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1,800 என்று கணக்குப் போட்டு 11,800 ரூபாய் சொன்னார். வீட்டுக்கு ஆள் வந்து பொருத்துவது இலவசமாம். கையில் கொடுத்த தாளில் ‘எஸ்டிமேட்’ என்றுதான் அச்சிட்டிருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக மற்றவர்களின் பில்லைத் திருப்பி அனுப்புகிற நான், வரியையும் கட்டிவிட்டு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஓர் இளைஞர் வந்தார். இணைய நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்த பெட்டிக்குப் பின்னால் புதிய ரவுட்டரைச் செருகினார். பிறகு என் கணினியில் அரை மணி நேரம் எதையெதையோ மாற்றினார். எல்லாம் முடிந்ததும் உலாவியில் வேகச் சோதனைப் பக்கத்தைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். பிங்: 4.

அந்தக் கணத்தை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. நாற்பது இருந்த இடத்தில் நான்கு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் படம் எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டேன். அந்த எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘மதுரை’ என்று இருந்தது. நான் அதைப் படித்தேன். ‘நம் ஊர்ப் பெயர்கூட வருகிறதே’ என்று மகிழ்ந்தேன். அது அந்தச் சோதனை எந்த சர்வருடன் நடந்தது என்பதைச் சொல்லும் பெயர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேகச் சோதனைப் பக்கங்கள் வழக்கமாக நமக்கு மிக அருகில் உள்ள சர்வரைத் தாமாகவே தேர்ந்துகொள்கின்றன. அவர் அளந்து காட்டியது என் வீட்டிலிருந்து நாலைந்து தெரு தள்ளியிருக்கும் ஒரு சர்வர் வரையிலான தூரத்தை. என் ஆட்டமோ மும்பையில் நடக்கிறது. அவர் எதையும் பொருத்துவதற்கு முன்னால் சோதித்திருந்தாலும் அதே நான்குதான் வந்திருக்கும்.

பள்ளிக் கணக்கே போதுமாக இருந்திருக்கும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். மதுரைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டிலேயே 1,150 கிலோமீட்டர் இருக்கும். போய்வரும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம் என்பதால், 2,300 கிலோமீட்டருக்குக் குறைந்தது 11 மில்லிநொடியாவது ஆகியே தீரும். இழை நேர்க்கோட்டில் போவதுமில்லை, வழியில் எத்தனையோ சந்திப்புகளில் நின்று நின்றுதான் போகிறது. யார் வந்து எந்த ரவுட்டரைப் பொருத்தினாலும் மதுரையிலிருந்து மும்பைக்கு 4 மில்லிநொடி என்பது நடக்காது. ‘ஆட்டத்தையே திறந்து ஒரு முறை பார்த்துவிடலாமா’ என்று அந்த இளைஞரிடம் நான் கேட்டது உண்மை. ‘அது இப்போ அப்டேட் கேட்கும் சார், ரொம்ப நேரமாகும்’ என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவே பழைய கதைதான். பழையதைவிட மோசம் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தா மென்பொருளை இயக்கினால் வழக்கமான 40ம் போய், தொடக்கத்திலேயே 95 காட்டியது. பின்னர், தரவு எந்தெந்த இடம் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பார்த்ததில், என் தரவு சிங்கப்பூர் வரை போய், அங்கிருந்து மும்பைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது தெரிந்தது. இத்தகைய மென்பொருள்கள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இணைய நிறுவனம் தரவைச் சுற்றுவழியில் அனுப்பும்போது, நேர்வழி ஒன்றை அமைத்துத் தருவதால் அவை உதவக்கூடும். என் வழியோ ஏற்கெனவே நேராக இருந்தது. காசு கொடுத்து அதைக் கோணலாக்கிக்கொண்டேன்.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். ‘ரவுட்டர் செட் ஆக ரெண்டு நாள் எடுக்கும் சார்’ என்றார்கள். ரவுட்டர் என்ன, உறை ஊற்றிய பாலா? இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டபோது, ‘உங்கள் லைனில்தான் கோளாறு, நெட் கம்பெனியைக் கேளுங்கள்’ என்ற பதில் வந்தது. லைனில் பிரச்சினையே இல்லை என்று தேநீர் கொடுத்துச் சொன்னவரும் இவரே. அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆறு செய்திகளுக்கும் நீலக்குறி விழுந்தது, பதில் மட்டும் வரவில்லை. நேரில் போனபோது, பொருத்திய பையன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறான், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். பதினேழாம் நாள் மென்பொருளைத் திறந்தால், ‘இந்தக் கணக்கு வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது’ என்ற அறிவிப்பு வந்தது. ஒரே சந்தாவை எத்தனை பேருக்கு விற்றார்களோ, எனக்குத் தெரியாது. அன்று பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மென்பொருளுக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம், ரவுட்டரின் பெட்டியைப் பிரித்துவிட்டதால் அதற்கும் தர மாட்டோம் என்றார். இந்த முறை தேநீர் வரவில்லை. 11,800 ரூபாய் என் ஒன்றரை மாத வீட்டு வாடகை.

வேறு வழியின்றி இணைய நிறுவனத்தில் புகார் பதிவு செய்தேன். நேற்று மாலை லைன்மேன் அண்ணன் ஒருவர் வந்தார். எந்தக் கணினியையும் அவர் தொடவில்லை. சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்து, ‘இந்தச் சிவப்பு விளக்கு எப்போதாவது மின்னுமா தம்பி?’ என்று கேட்டார். மின்னும், தொடர்பு அறும்போதெல்லாம் மின்னும். பெட்டிக்கு வரும் இழையைக் கழற்றித் தன் அளவுக்கருவியில் செருகினார். மைனஸ் 28 டிபிஎம் (இழையில் வரும் ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) காட்டியது. இப்படிப்பட்ட பெட்டிகள் மைனஸ் 27 வரைதான் ஒழுங்காகப் பிடிக்குமாம், அதற்குக் கீழே போனால் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும் என்றார். பிறகு இழையைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்தபோது பீரோவை நகர்த்தித் திரும்பவும் சுவரோடு ஒட்டி வைத்தது நான்தான். இழை அதன் காலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டி, ஊசிபோல மடிந்திருந்தது. கண்ணாடி இழையை அப்படி மடித்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். அவர் வேறு பேட்ச் கார்டு, அதாவது இருபுறமும் இணைப்பு முனை உள்ள இழைத் துண்டு, மாட்டினார். மைனஸ் 21க்கு வந்துவிட்டது. 150 ரூபாய் வாங்கினார்.

ஒன்பதரைக்கு மேல் பிங் 300க்குத் தாவியதற்குக் காரணம் வேறு என்று நேற்றிரவு நானே கண்டுபிடித்தேன். தம்பி கல்லூரியிலிருந்து வந்து கைபேசியைச் சார்ஜில் போட்டதும், அன்றைக்கு எடுத்த காணொளிகளெல்லாம் தாமாக மேகச் சேமிப்புக்கு ஏறத் தொடங்கும். ஏற்றுப்பாதை நிறைந்துவிட்டால், ஆட்டத்தின் பாக்கெட்டுகள் எனும் சின்னஞ்சிறு தரவுத் துண்டுகள் ரவுட்டரில் அந்தக் காணொளிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். அதைப் பின்னிரவு மூன்று மணிக்கு மாற்றி வைத்தேன். நேற்று பதினொரு மணி வரை ஆடினேன். 41க்கு மேல் போகவில்லை.

கணினியில் அந்த இளைஞர் செய்திருந்த வேலைகளையும் பிறகுதான் பார்த்தேன். தரவை அனுப்பும் முறைகளில் ஒன்றான டிசிபி தொடர்பான சில அமைப்புகளை மாற்றியிருக்கிறார். இந்த ஆட்டம் தன் தரவை யுடிபி என்ற வேறு முறையில் அனுப்புவதால், அதனால் ஒரு துளி பயனும் இல்லை. டிஎன்எஸ் முகவரியை மாற்றியிருக்கிறார். அது சர்வரின் முகவரியைத் தேடித் தருவதோடு சரி, ஆட்டம் தொடங்கிய பின் பிங்கில் அதற்கு வேலை இல்லை. வைரஸ் தடுப்பை அணைத்திருக்கிறார். எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது, வெளியிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை, கணினி எழும்போதே அதுவும் எழும்படி, அவர் வைத்த கடவுச்சொல்லோடு விட்டுவிட்டுப் போயிருந்தது. இதே கணினியில்தான் நான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறேன். மூன்று வாரம் அது திறந்தே கிடந்திருக்கிறது. இதுவரை பணம் எதுவும் போகவில்லை. எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிட்டேன்.

படிப்படியாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வேகச் சோதனைப் பக்கத்தின் பிங்கை எவர் காட்டினாலும் நம்பாதீர்கள். ஆட்டத்தின் அமைப்புகளில் பிங்கையும் பாக்கெட் இழப்பையும் திரையிலேயே காட்டும் வசதி இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். காசு செலவழிக்கும் முன் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளில் ஒரு நாள் ஆடிப் பாருங்கள். உங்கள் ரவுட்டரின் முகவரிக்கே, பெரும்பாலும் 192.168.1.1, பிங் கட்டளை போட்டுப் பாருங்கள், அதிலேயே எண் தாவினால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. சிவப்பு விளக்கு மின்னினால் கடைக்குப் போகாதீர்கள், லைன்மேனைக் கூப்பிடுங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத தாளுக்கு ஜிஎஸ்டி கொடுக்காதீர்கள். கணினியை யாரிடமாவது விட்டால், போன பிறகு என்னென்ன செயலி புதிதாக ஏறியிருக்கிறது என்று அன்றே பாருங்கள்.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்து, அந்த எஸ்டிமேட் தாளையும் பணம் அனுப்பிய யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். புகார் எண்ணைக் கடைக்கு அனுப்பிய இருபது நிமிடத்தில், இத்தனை நாளாக என் செய்திகளுக்குப் பதில் தராத அவரே கூப்பிட்டார். ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தால் 2,000 ரூபாய் தருகிறாராம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். நான் கொடுத்தது 11,800. கடை காலை பத்தரைக்குத் திறக்கும். ரவுட்டரை அதன் அட்டைப்பெட்டியில் போட்டு, மடிக்கணினியில் அந்த டிரேஸ்ரூட் படத்தையும் திறந்து வைத்து, வாசல் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.