கொக்கு, மீன்கொத்தி, காகம்: எந்தப் பறவைக்கு எந்தக் கலர்?

பறவை வரையத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "வாட்டர் கலர் வாங்கலாமா, கலர் பென்சில் வாங்கலாமா?" என்பதுதான். கொஞ்சம் கை பழகியவர்கள் போஸ்டர் கலரையும், அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் தரம் கூடிய கோவாஷையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள். ஏரிக்கரையில் அன்றாடம் பார்க்கிற மூன்று பறவைகளை வைத்து இவற்றை மோதவிட்டுப் பார்த்தால் விடை ஓரளவு தெளியும். வெள்ளைக்குக் கொக்கு, நீலத்துக்கு வெண்மார்பு மீன்கொத்தி, கறுப்புக்குக் காகம்.

கொக்கில் வாட்டர் கலருக்குப் பாதி வெற்றிதான். அதில் தாளின் வெள்ளையைத்தான் பறவையின் வெள்ளையாக விட்டுவைக்க வேண்டும். சுற்றியுள்ள கோரையையும் தண்ணீரையும் தீட்டிவிட்டு, கழுத்தின் நிழலுக்கு நீலம் கலந்த சாம்பல், புல்லின் வெளிச்சம் பட்ட வயிற்றுக்கு மிக மெல்லிய பச்சை வைத்தால் கொக்கு எழுந்து நிற்கும். சிக்கல் இனப்பெருக்கக் காலத்தில் வருகிறது. அப்போது முதுகிலிருந்து நூல் நூலாகத் தொங்கும் இறகுகளை ஒவ்வொன்றாக விட்டு விட்டுப் பின்னணி தீட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. அங்கே கோவாஷ் ஜெயிக்கிறது. இருண்ட பச்சையை முதலில் பூசிக் காயவிட்டு, மெல்லிய பிரஷ்ஷில் கெட்டியான வெள்ளையை ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். அதே இடத்தில் இரண்டாம் முறை தேய்த்தால் அடியில் இருக்கும் பச்சை கரைந்து மேலே வந்துவிடும். கலர் பென்சில் வெள்ளைத் தாளில் கொக்கிடம் தோற்கும். பழுப்புத் தாளுக்கு மாறிப் பாருங்கள், கதையே வேறு! வெள்ளைப் பென்சிலும் சாம்பல் பென்சிலும் மட்டுமே வைத்து முழுக் கொக்கையும் முடித்துவிடலாம்.

மீன்கொத்திதான் உண்மையான பரீட்சை. அதன் முதுகு நீலம் நிறமியால் வந்ததல்ல. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய கட்டமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருகிற நீலம் அது. அதனால்தான் நிழலில் மங்கலாக உட்கார்ந்திருந்த பறவை வெயிலில் பாய்ந்ததும் பற்றிக்கொண்டதுபோல் தெரிகிறது. இதைத் தாளில் கொண்டுவர வாட்டர் கலரை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். தாலோ நீலம் என்ற, கொஞ்சம் பச்சை சாய்ந்த அடர்நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் ஒரு கை பூசினால், ஒளி கலரை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்பி வரும். அந்தத் திரும்பிவரும் ஒளியில்தான் மீன்கொத்தி உயிரோடு இருக்கிறது. அது காய்ந்ததும் இறக்கையின் கீழ்விளிம்பில் இரண்டாவது கை கொடுத்து நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது, நான்காவது என்று போனால் ஒளி செத்துவிடும். போஸ்டர் கலரில் நீலத்தை வெளிர வைக்க வெள்ளை கலந்தாக வேண்டும், கலந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகிவிடுகிறது.

கலர் பென்சிலில் இதே நீலம் கிடைக்கும், ஆனால் உழைக்க வேண்டும். வெளிர் நீலம், அதன்மேல் பச்சை கலந்த நீலம், ஓரங்களில் அடர்நீலம் என அழுத்தாமல் ஏழெட்டு அடுக்கு போக வேண்டும். தலையின் சாக்லேட் பழுப்பும் சிவந்த பெரிய அலகும் பென்சிலில் அருமையாக வரும். அலகின் மேல்விளிம்பில் ஓடும் பளபளப்புக் கோட்டை அவ்வளவு துல்லியமாக விட்டுவைக்கப் பென்சிலால்தான் முடியும்.

காகத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கறுப்பு டியூபைப் பிதுக்கிப் பூசினால் எந்த மீடியமானாலும் தாளில் ஓட்டை விழுந்த மாதிரிதான் தெரியும். வாட்டர் கலரில் அல்ட்ராமெரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து அடர்த்தி சேர்த்து, ஈரம் இருக்கும்போதே முதுகில் கொஞ்சம் ஊதா விடுங்கள். பென்சிலில் இண்டிகோ, அடர் பழுப்பு, ஊதா எல்லாம் போட்டபின் கடைசியாகத்தான் கறுப்பு. இந்தப் பந்தயத்தில் பென்சிலுக்கே என் ஓட்டு. சாம்பல் கழுத்து கறுப்பு முதுகோடு கலக்கும் இடத்தை நிதானமாகக் கையாள அது இடம் தருகிறது.

ஆனால் மீடியத்தைவிடப் பெரிய வேறுபாடு, கரையில் உட்கார்ந்து வரைவதா, போட்டோவைப் பார்த்து வரைவதா என்பது. பென்சில்காரர்கள் பெரும்பாலும் போட்டோவிடம்தான் போய்ச் சேர்கிறார்கள். அத்தனை அடுக்கு போடும்வரை எந்தப் பறவை நிற்கும்? போட்டோவில் ஒவ்வொரு இறகும் தெரியும், நாமும் ஒவ்வொன்றாக வரைவோம். கடைசியில் இறகு எல்லாம் சரியாக இருக்கும், பறவை மட்டும் பஞ்சு அடைத்த பொம்மையாக நிற்கும். தூரத்தில் பறக்கும் கொக்கை நாம் அடையாளம் காண்பது இறகை எண்ணியா? மடித்த கழுத்து, பின்னால் நீட்டிய கால், அவ்வளவுதான்.

அதனால் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒரு 2பி பென்சில், சின்ன வாட்டர் கலர் பெட்டி, கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் வாட்டர் பிரஷ். முதல் மாடல் மடையான் என்ற குளத்துக் கொக்கு. ஆழமில்லாத தண்ணீரில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் நிற்கும். ஒரே பக்கத்தில் நாலைந்து நிலைகளைத் தொடங்கி வையுங்கள். பறவை திரும்பிவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். பழைய நிலைக்கு அது திரும்ப வரும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பின்பக்கம் மடங்கும் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதை மனதில் வைத்தாலே கால் சரியாக வரும்.

ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பறவை ஓவியர் ஆடுபான் தன் அமெரிக்கப் பறவைகளை வரைந்தபோது வாட்டர் கலரோடு பென்சிலும் பேஸ்டல் என்ற கலர்க் கட்டியும் சேர்த்தே வேலை செய்தார். ஆனால் அவர் பறவைகளைச் சுட்டு, கம்பி கட்டி நிறுத்தி வைத்து வரைந்தவர். அவருக்கு முன்பே, 1801-ல் சென்னைக்கு வந்த எலிசபெத் குவில்லிம் என்ற நீதிபதியின் மனைவி, இங்கிருந்த பறவைகளை வாட்டர் கலரில் நூற்றுக்கும் மேல் தீட்டினார். அந்தப் படங்கள் இன்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பறவை வரையும் சென்னைக்காரர்கள் ஒருமுறையாவது அவற்றை இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

செலவு விஷயத்தில் ஒரு வார்த்தை. வாட்டர் கலரில் காசைத் தாளில் போடுங்கள். சாதாரண டிராயிங் தாள் நெளிந்து கலரைக் குளம் கட்ட வைக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த காட்டன் தாளில் மாணவர் ரகக் கலர்கூட நன்றாக உட்காரும். பென்சிலில் நேர்மாறு, காசு பென்சிலுக்கே போக வேண்டும். மலிவான செட்டில் இளஞ்சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுத்துவிடும். வாட்டர் கலரில் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும் அப்படித்தான். தாலோ நீலம் அசையாமல் நிற்கும். எனவே மீன்கொத்தியை ஃபிரேம் போட்டு மாட்டுவதாக இருந்தால், அதன் அலகுக்கு மட்டும் கேட்மியம் சிவப்போ பைரோல் சிவப்போ வாங்கிக்கொள்ளுங்கள்.